டியூப்லைட்டை அணைத்துவிட்டு எடுத்த தையல் கடைப் படங்கள்

முதல் வேலையாக டியூப்லைட்டை அணைத்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைத் தையல் கடை என்பது பழைய ஓட்டு வீடு ஒன்றின் முன்னறைதான். வடக்குப் பக்கம் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று, கூரையில் கண்ணாடி ஓடு ஒன்று, நடுவில் ஒரு டியூப்லைட், சுற்றிலும் பச்சைச் சுவர். பொங்கல் தையல் முடிந்து மெஷின் ஓய்ந்திருந்த தை மாதம். கடைக்காரத் தையல்கார அண்ணாச்சியை அவர் இடத்திலேயே வைத்துச் சில படங்கள் எடுத்துத் தருகிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுவிட்சைத் தட்டியதும் அவர், "ஏ தம்பி, லைட்ட ஏன் அணைச்ச? படம் இருட்டால்லா விழும்?" என்றார்.

இருட்டாக விழட்டும் என்றுதான் அணைத்தேன். அறை நடுவில் மாட்டிய டியூப்லைட் எல்லா மூலைக்கும் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சத்தைக் கொடுத்துவிடும். முகம், சுவர், தொங்குகிற சட்டைகள், மூலையில் கிடக்கிற வெட்டுத்துணி மூட்டை எல்லாம் ஒரே மாதிரி தெரியும், எதைப் பார்க்கச் சொல்கிறோம் என்பதே படத்தில் இருக்காது. போதாததற்கு அதன் நிறம் ஜன்னல் வெளிச்சத்தோடு ஒத்துப்போகாது, ஒரு கன்னம் ஒரு நிறமாகவும் இன்னொரு கன்னம் வேறு நிறமாகவும் வரும். படத்துக்கு ஒரு மனநிலை வேண்டும் என்றால் எங்கே விளக்கு வைப்பது என்று யோசிப்பதைவிட எங்கே வெளிச்சம் விழக்கூடாது என்று யோசிப்பதுதான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அந்த வேலைதான்.

கையில் இருந்தவை: ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர், 50 மிமீ எஃப் 1.8 லென்ஸ், ட்ரைபாட், ரெண்டு தெர்மாகோல் அட்டை, மூன்று மீட்டர் வெள்ளை டூ பை டூ துணி, கருப்புச் சார்ட் பேப்பர், துணி காயப்போடுகிற கிளிப்புகள், கொஞ்சம் சாம்பிராணி. கருப்புத் துணி மட்டும் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அண்ணாச்சி கோட்டுக்குப் போடுகிற கருப்பு லைனிங்கை எடுத்து நீட்டினார். அதை ஜன்னல் பக்கம் பிடித்துச் சாய்த்துப் பார்த்தால் பளபளக்கிறது, பின்னணியில் கட்டினால் மடிப்புக்கு மடிப்பு வெள்ளைக் கோடு விழும். வெல்வெட் இருக்கிறதா என்று கேட்டேன். பழைய துண்டு ஒன்றை உதறி எடுத்தவர், நான் கிளிப் போடப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்படி இல்ல, தலைகீழா மாட்டு. இதுக்கு ரோமம் ஒரு பக்கமாச் சாயும். கீழ பாத்துச் சாஞ்சா வெளுப்பா அடிக்கும், மேல பாத்துச் சாஞ்சாத்தான் கருகருன்னு இருக்கும்." திருப்பி மாட்டிப் பார்த்தால் நிஜமாகவே ஒரு படி கூடுதல் கருப்பு. ரோமத்தின் நுனி நம்மைப் பார்த்து நிற்பதால் வெளிச்சம் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது, திரும்பி வருவது குறைவு. ஃபோட்டோகிராபி புத்தகங்களில் நான் பார்க்காத குறிப்பு இது, தையல்காரர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

வடக்கு ஜன்னல் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஓவியர்களும் ஸ்டுடியோக்காரர்களும் வடக்கு ஜன்னலைத் தேடிப் போவார்கள், அதில் நேர் வெயில் விழாது, நாள் முழுக்க வானத்து வெளிச்சம் மட்டும் சீராக வரும் என்பது கணக்கு. ஐரோப்பாவுக்கு அது சரி. நம் ஊர் பூமத்தியரேகைக்கு 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி வெயில் நம் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் போகும், அப்போது வடக்கு ஜன்னலிலும் சுள்ளென்று வெயில் அடிக்கும். தை மாதத்தில் சூரியன் தெற்கே இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இதே வேலையை மே மாதத்தில் செய்பவர்கள் ஜன்னலுக்குத் துணி கட்டியே ஆக வேண்டும்.

நான் தை மாதத்திலும் கட்டினேன், வேறு காரணத்துக்காக. முதல் படத்துக்கு அமைதியான, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஓய்வு மாதிரி ஒரு தொனி வேண்டியிருந்தது. எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டு வருகிற வெளிச்சம் ஜன்னலின் ஒரு ஓரத்தில் மட்டும் பலமாக இருந்தது. டூ பை டூவை நாலு கிளிப்பில் கம்பியோடு இழுத்துக் கட்டியதும் ஜன்னல் முழுவதும் ஒரே பெரிய வெளிச்சப் பரப்பாக ஆகிவிட்டது. நிழலின் ஓரம் கூர்மையாக விழுமா, மெதுவாகக் கரையுமா என்பதை, ஒளி வருகிற பரப்பு ஆளைப் பொறுத்தவரை எவ்வளவு பெரிது என்பதுதான் தீர்மானிக்கிறது. சூரியன் உண்மையில் பிரம்மாண்டம், ஆனால் வானத்தில் அரை டிகிரி அகலம்தான், அதனால் அதன் நிழல் கத்தி மாதிரி. மூன்றடி ஜன்னல் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் மூக்கின் நிழல் கன்னத்தில் எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாது. அண்ணாச்சியை ஜன்னலைப் பார்த்துக் கொஞ்சம் திருப்பி உட்காரவைத்து, வெளிச்சத்தை நிழல் பக்கம் திருப்பி அடிக்க மறுபக்கம் தெர்மாகோலை ரெண்டடி தூரத்தில் நிறுத்தினேன். அவ்வளவுதான். சிரித்த முகம், படமும் சிரித்த படம். இதில் சொல்ல அதிகம் இல்லை.

ரெண்டாவது படத்தில்தான் நேரம் போனது. அதே நாற்காலி, அதே ஜன்னல், ஆனால் இந்த முறை கனமான முகம் வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேல் மெஷினில் குனிந்த மனுஷர், சும்மா இருக்கும்போது அவர் முகத்தில் ஒரு யோசனை எப்போதும் நிற்கும், எனக்கு அதுதான் வேண்டும். ஜன்னல் துணியை அவிழ்த்து, கீழ்ப்பாதியைச் சார்ட் பேப்பரால் அடைத்தேன். வெளிச்சம் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வர வேண்டும், சட்டையில் விழுவதைவிட முகத்தில் அதிகம் விழ வேண்டும். அவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, முகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன். ஒரு கட்டத்தில் மூக்கின் நிழலும் கன்னத்தின் நிழலும் போய்ச் சேர்ந்து, இருட்டுப் பக்கக் கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும். ரெம்ப்ராண்ட் ஒளி என்று சொல்வது இதைத்தான், பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியரின் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த முக்கோணம் இருந்தால் இருட்டுப் பக்கக் கண்ணும் உயிரோடு இருக்கும். ஜன்னலை விட்டு ரெண்டு டிகிரி விலகித் திரும்பிவிட்டால் அந்தக் கண் அணைந்துவிடும், ஆள் மிரட்டுகிற மாதிரி ஆகிவிடுவார்.

இங்கே பச்சைச் சுவர் வேலையைக் காட்டியது. ஜன்னல் வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, நிழல் பக்கக் கன்னத்தில் பச்சையைப் பூசியது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, நம் மூளை அதைக் கழித்துவிடும், கேமரா கழிக்காது. தெர்மாகோல் வைத்தால் பச்சை போகும், ஆனால் நிழலும் போய்விடும். அதனால் வெல்வெட்டைப் பின்னாலிருந்து கழற்றி, சுவருக்கும் அவருக்கும் நடுவில், கன்னத்திலிருந்து ஒன்றரை அடியில் தொங்கவிட்டேன். திரும்பி வருகிற வெளிச்சத்தை முகத்துக்கு வராமல் தடுப்பதுதான் நோக்கம். பச்சை காணாமல் போனது, நிழல் பக்கம் இறங்கியது. கேமராவை ஸ்பாட் மீட்டரில், அதாவது ஒரு சின்ன இடத்தின் ஒளியை மட்டும் அளக்கிற முறையில் வைத்து ரெண்டு கன்னத்தையும் தனித்தனியாக அளந்தால் வித்தியாசம் மூன்று ஸ்டாப் காட்டியது. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி ரெண்டு மடங்கு, மூன்று ஸ்டாப் என்றால் வெளிச்சப் பக்கம் எட்டு மடங்கு. இது கொஞ்சம் அதிகம். சின்னத் தெர்மாகோல் துண்டு ஒன்றை அவர் மடிக்குக் கீழே, படச் சட்டத்துக்கு வெளியே வைத்து ரெண்டு ஸ்டாப்புக்குக் கொண்டுவந்தேன். என் கண்ணுக்கு ஒரு ஸ்டாப் வித்தியாசம் சாந்தம், ரெண்டு என்றால் கனம், மூன்றைத் தாண்டினால் பயம். முகத்துக்கு முகம் இது மாறும், ஆனால் ஆரம்பிக்க நல்ல அளவு.

பின்னணிக்கு வெல்வெட் இல்லையே என்று கவலைப்படவில்லை, தூரம் பார்த்துக்கொண்டது. சின்ன விளக்கு என்றால் தூரம் ரெண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். ஜன்னல் பெரிய பரப்பு என்பதால் கிட்டத்தில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, இறக்கம் இன்னும் மெதுவாக இருக்கும். ஆனாலும் அண்ணாச்சி ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர், பின்சுவர் நாலு மீட்டர் என்றால் சுவர் நன்றாகவே இருண்டுவிடும். ஆளை ஜன்னலுக்கு இன்னும் கிட்டத்தில் நகர்த்தினால் பின்னணி தானாகக் கறுக்கும். இதைத் தெரிந்துகொண்டால் கருப்புத் திரை வாங்குகிற செலவில் பாதி மிச்சம்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி என்பதை, கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால் இந்தப் படம் நாசமாகிவிடும். சட்டத்தில் முக்கால்வாசி இருட்டு, அதைப் பார்த்த கேமராவின் ஒளி மீட்டர் இதை நடுத்தரச் சாம்பலாக்கித் தருகிறேன் என்று ஒளியைக் கூட்டிவிடும், இருட்டு வெளிறும், முகம் எரிந்துபோகும். மேனுவலில் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 2.8, ஷட்டர் 1/80 நொடி வைத்தேன். வெளிச்சக் கன்னத்தை அளந்து, மீட்டர் சொன்னதைவிட அரை ஸ்டாப் குறைவு, ஏனென்றால் அண்ணாச்சியின் நிறம் நடுத்தரச் சாம்பலைவிட அடர்த்தி, அவர் அப்படித்தான் தெரிய வேண்டும். செல்போனில் எடுப்பவர்கள் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியன் குறியைக் கீழே இழுத்தால் இதே வேலை நடக்கும். ஆனால் இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்துகிற எச்டிஆரை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாம் கஷ்டப்பட்டு உண்டாக்கிய நிழலை அது பெரிய மனசோடு வெளிச்சமாக்கிக் கொடுத்துவிடும்.

நிறம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கிறேன் என்றதும் அண்ணாச்சி உள்ளே போய் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். துடைக்கச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். கறுத்த தோல் வெளிச்சத்தைக் காட்டுவது அதன் மினுமினுப்பில்தான். நெற்றி மேடு, கன்னத்தெலும்பு, மூக்குத்தண்டு என்று ஜன்னல் நீளமாகப் பிரதிபலித்து முகத்துக்கு வடிவம் கொடுக்கும். பவுடர் அதைக் கொன்று சாம்பல் பூசிவிடும். முகத்தை வெளுப்பாக்கித் தருவதே நல்ல ஃபோட்டோ என்று நம் ஊரில் பல வருஷமாகப் பழக்கிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

மூக்குக் கண்ணாடியில் ஜன்னல் அப்படியே வெள்ளைக் கட்டமாக விழுந்தது. கண்ணாடியைக் கழற்றினால் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். காதுப் பக்கக் கம்பியை மட்டும் ஒரு விரல்கடை தூக்கிவைத்தால் லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு படத்தை விட்டு ஓடிவிடும். முன்பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அப்புறம் கண்ணாடி ஓடு. பகலில் விளக்குப் போடாமல் வேலை பார்க்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. பன்னிரண்டரை மணிவாக்கில், நம் ஊரில் தை மாதத்தில் சூரியன் உச்சிக்கு வருகிற நேரம் அதுதான், அதன் வழியாக ஒரு வெயில் பத்தை மெஷினுக்குக் கொஞ்சம் தள்ளி விழும். மெஷினைத்தான் நகர்த்தினோம். நேராகத் தலையில் வெயில் விழுந்தால் கண் ரெண்டும் குழியாகி நெற்றி மட்டும் பளிச்சென்று இருக்கும், ஆகவே முகத்துக்குப் படாமல் கையிலும் துணியிலும் மட்டும் விழ வேண்டும். முகத்துக்குத் துணியில் பட்டு எழும்புகிற வெளிச்சம் போதும்.

இந்த மேல் வெளிச்சத்தையே மென்மையாக்க வேண்டுமானால் ஓட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கட்டலாம், அதையும் செய்து பார்த்தேன். முற்றத்து வீட்டு வெளிச்சம் அப்படியே வந்தது. 1956இல் வந்த ‘அபராஜிதோ’வில் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பித்தான் அந்த வானத்து வெளிச்சத்தை உண்டாக்கினார். ஆனால் எனக்கு இந்தப் படத்தில் மென்மை வேண்டாம், கதிர் கோடாகத் தெரிய வேண்டும். துணியை அவிழ்த்துவிட்டேன்.

வெயில் கதிர் தானாகத் தெரியாது, வழியில் தூசியோ புகையோ இருந்தால்தான் தெரியும். பின்னால் இருட்டு வேண்டும், கேமரா வெளிச்சம் வருகிற திசையைக் கொஞ்சம் பார்த்து நிற்க வேண்டும், புகை ஒளியை முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கிறது. சாம்பிராணி போடலாம் என்றதும் அண்ணாச்சி பதறிவிட்டார். "கல்யாணச் சட்டை தொங்குது, வாசம் ஏறிச்சுன்னா பார்ட்டி என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவான்." தைத்து முடித்ததையெல்லாம் உள் அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தினோம். புகை போட்ட உடனே எடுக்கக் கூடாது, சுருள் சுருளாகத் தெரிந்து கோவில் மாதிரி ஆகிவிடும். ரெண்டு நிமிஷம் விட்டால் அறை முழுக்கப் பரவி மெல்லிய படலமாகும், கதிர் சுத்தமாக நிற்கும். ஆனால் நிதானமாக இருக்கவும் முடியாது. மூன்றரை மீட்டர் உயரத்து ஓடு என்றால் வெயில் பத்தை தரையில் மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகர்கிறது, ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்து மெஷின் சக்கரத்துக்குப் போய்விடும். இன்னொன்று, கரி இஸ்திரிப்பெட்டியைத் தண்ணீர் தெளித்த துணியில் வைத்தபோது எழுந்த ஆவி அந்தக் கதிரில் பட்டதும் சாம்பிராணியைவிட அழகாக இருந்தது. ஒரு மூச்சு நேரம்தான் நிற்கும், தொடர்ச்சியாக எடுத்ததில் ஒன்று தேறியது.

கடைசிப் படம் ராத்திரி. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் அவர் தனியாக உட்கார்ந்து தைக்கிற நேரத்தின் தொனி வேண்டும் என்று எனக்கு ஆசை. மெஷின் தலைக்கு மேலே தகர மூடி போட்ட பல்பு ஒன்று வயரில் தொங்குகிறது. அதில் இருந்த வெள்ளை எல்இடியைக் கழற்றி, 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்கிற அளவு) மஞ்சள் எல்இடியை மாட்டினேன், தகர மூடியைச் சுற்றிச் சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி ஒட்டி, சுவருக்குப் போகிற வெளிச்சத்தை நிறுத்தினேன். எல்இடி என்பதால் பேப்பர், குண்டு பல்பு என்றால் தகரமே சரி, பேப்பர் கருகிவிடும். விளக்கின் நிறத்தைச் சரிக்கட்டுகிற கேமராவின் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விட்டால் அது மஞ்சளைப் பெருமளவு துடைத்துவிடும், அதனால் கையால் 4000 கெல்வின் வைத்துச் சூட்டைக் கொஞ்சம் மிச்சம் பிடித்தேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை துடிக்கும், ஷட்டர் 1/50 அல்லது 1/100இல் இருந்தால் படத்தில் பட்டை விழாது. 1/50, எஃப் 2, ஐஎஸ்ஓ 1600. கை கொஞ்சம் அசைந்து மங்கும், தைக்கிற கை அசையத்தானே செய்யும்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் முதலில் கருப்புப் பேன்ட் துணியை வைத்துத் தைத்தார். விரல்களும் ஊசியும் தெரிந்தன, முகம் இல்லவே இல்லை, தொங்குகிற இஞ்சுடேப் மட்டும் ஒரு மஞ்சள் கோடு. அடுத்து வெள்ளைச் சட்டையை எடுத்து மெஷின் பலகையில் விரித்ததும் முகம் கீழிருந்து மெதுவாக ஏறி வந்தது, தாடை, உதடு, கண்ணாடியின் கீழ் விளிம்பு. பல்பு துணியிலிருந்து ஒன்றரை அடியில், துணி முகத்திலிருந்து ஒரு அடியில். அந்தச் சட்டைதான் இப்போது விளக்கு. அவர் துணியைச் சுருட்டினால் முகம் மங்குகிறது, விரித்தால் தெளிகிறது. அப்புறம் நான் பல்பைத் தொடவே இல்லை. "அண்ணாச்சி, இன்னும் ஒரு சாண் விரிங்க", "போதும், கொஞ்சம் மடிங்க" என்று சொல்லியே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து வருகிற ஒளி பேய் முகம் காட்டும் என்பார்கள், சின்ன டார்ச்சாக இருந்தால் அப்படித்தான். இங்கே அகலமான துணியிலிருந்து எழுந்ததால் பயம் இல்லை, அலுப்பும் ஒரு நெருக்கமும்தான் வந்தது. நீலச் சட்டைத் துணியையும் போட்டுப் பார்த்தோம், முகம் காய்ச்சல்காரன் மாதிரி ஆனதால் விட்டுவிட்டோம்.

கம்ப்யூட்டரில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கேமரா திருத்தாத ‘ரா’ (RAW) ஃபைலாக எடுத்ததால் நிழலைத் தூக்கிப் பார்க்கிற ஆசை வரும், அதை அடக்கிக்கொண்டு, கண் மட்டும் அரை ஸ்டாப். பிரிண்ட் போடும்போது ஜாக்கிரதை. பின்னால் விளக்கெரிகிற திரையில் தெரிகிற இருட்டு விவரம் காகிதத்தில் மூழ்கிவிடும், அதனால் பிரிண்டுக்கான பிரதியைத் தனியாகக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன், காகிதம் மேட். லேபில் கொடுக்கும்போது "ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க" என்று கவர் மேலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மெஷின் இருட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வெளுத்துவிடும்.

நாலு படத்தையும் கட்டிங் மேசையில் பரப்பினேன். ரெண்டாவதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்த அண்ணாச்சி, "பாதி மொகத்தக் காணோமே தம்பி" என்றார். ஆச்சி உள்ளேயிருந்து வந்து அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார். ராத்திரிப் படம் சென்னையில் இருக்கிற மகனுக்குப் போனது. அண்ணாச்சிக்குப் பிடித்தது முதல் படம், சிரித்தது. "இதுலயே எட்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டுத் தந்துரு, பென்ஷனுக்கு எழுதிப் போடணும்." அதில் கன்னத்தில் நிழல் இருக்கிறது, பின்னணியும் வெள்ளை இல்லை, ஆபீஸில் வாங்க மாட்டார்கள் என்று சொல்லி, ஜன்னலைப் பார்த்து நேராக உட்காரவைத்தேன். தெர்மாகோல் ஒன்றைப் பின்னால் நிறுத்தினேன், இன்னொன்றை மடியில் அவரையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். டியூப்லைட்டையும் போட்டேன்.